ஒரே பெயரில் இரண்டு கார்டுகள்

வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியில் கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் “எத்தனை ஜிபி கார்டு இருக்கிறது?” என்று கேட்கிறோம். கடைக்காரரும் 2 ஜிபி, 4 ஜிபி என்று விலை சொல்கிறார். இக்கேள்வியால் பயன் மிகக் குறைவு. ஆயினும் கார்டு செய்யும் நிறுவனங்கள் பெட்டியின் மேல் அந்த எண்ணையே பெரிதாக அச்சிட்டு, நம்மை அப்படிக் கேட்கப் பழக்கிவிட்டன.

கார்டின் வேலை என்ன என்று முதலில் பார்ப்போம். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. வினாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தால் ஏறக்குறைய 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் குறிக்க வேண்டும். முப்பரிமாணக் காட்சியானால் ஒவ்வொரு புள்ளிக்கும் கார்டின் நினைவகத்திலிருந்து பலமுறை தகவலை எடுக்கவும் திரும்ப எழுதவும் வேண்டியிருக்கும். ஆகவே நினைவகம் எவ்வளவு பெரியது என்பதோடு, அதிலிருந்து ஒரு வினாடியில் எவ்வளவு தகவல் வெளிவரும் என்பதும் முக்கியம். மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அரை அங்குலக் குழாய் போட்டிருந்தால் கீழே வாளி நிறையக் காத்திருக்கத்தானே வேண்டும்? ஜிபி என்பது தொட்டி. குழாயைப் பற்றிப் பெட்டியில் சிறிய எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். சில பெட்டிகளில் அதுவும் இராது.

குழாயின் அளவை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். நினைவகப் பாதையின் அகலத்தை பிட் கணக்கில் எடுத்து 8ஆல் வகுத்து, நினைவகத்தின் வேகத்தால் பெருக்கவும். என்விடியா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஜிடி 1030 கார்டில் அகலம் 64 பிட். ஜிடிடிஆர்5 நினைவகத்தின் வேகம் 6 ஜிகாபிட். 64ஐ 8ஆல் வகுத்தால் 8. அதை 6ஆல் பெருக்கினால் வினாடிக்கு 48 ஜிகாபைட். 30 வாட் மட்டுமே எடுத்துக்கொள்ளும் சிறிய கார்டுக்கு இது நல்ல அளவுதான்.

மறு ஆண்டு, அதாவது 2018இல், இதே பெயரில் இன்னொரு கார்டு கடைக்கு வந்தது. இதில் இருந்தது டிடிஆர்4 நினைவகம், வேகம் 2.1 ஜிகாபிட். எட்டால் பெருக்கிப் பாருங்கள்: 16.8 ஜிகாபைட். முன்னதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இரண்டுக்கும் 2 ஜிபி. இரண்டுக்கும் ஜிடி 1030 என்றே பெயர். ஒப்பிட்டுச் சோதித்தவர்கள், சில விளையாட்டுகளில் புதிய கார்டின் வேகம் பழையதில் பாதியளவுக்கு இறங்கிவிட்டதைக் கண்டனர்.

மலிவான நினைவகத்தைப் பொருத்தியதை நான் குறை கூறவில்லை. மலிவான கார்டு தேவைப்படுவோர் இருக்கிறார்கள். வேறு பெயர் இட்டிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரே நிறக்கோடுகள் போட்ட இரண்டு மின்தடைகளைக் கொடுத்து, ஒன்று 48 ஓம், மற்றது 17 ஓம் என்றால் எந்த மாணவராவது ஒப்புக்கொள்வாரா?

என் மாணவர் ஒருவர் முப்பரிமாண உருவங்கள் அமைக்கும் பிளெண்டர் மென்பொருளைப் பயில விரும்பினார். விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஜிடிடிஆர்5 உள்ள ஜிடி 1030 அங்கே இருந்தும், “4 ஜிபி இருக்கிறதே” என்று 2014ஆம் ஆண்டு மாதிரியான ஜிடி 730ஐ வாங்கி வந்தார். அதில் 64 பிட் பாதை, 1.8 ஜிகாபிட் வேகமுள்ள டிடிஆர்3 நினைவகம். வினாடிக்கு 14.4 ஜிகாபைட்! தொட்டி இரு மடங்கு, குழாய் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. போதாக்குறைக்கு, அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய வசதிகளுடன் டிரைவர் மென்பொருள் தருவதை என்விடியா 2021இல் நிறுத்திவிட்டது.

ஏஎம்டி நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியின் குறை வேறு வகையானது. கார்டுக்குள் வினாடிக்கு 144 ஜிகாபைட் ஓடுகிறது; அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கார்டையும் கணிப்பொறியையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் பதினாறு தடங்களுக்கு இடம் இருக்க, இக்கார்டு நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைப் பாதை உள்ள புதிய கணிப்பொறியில் இந்த நான்கு தடங்கள் வினாடிக்கு 8 ஜிகாபைட் வரை கடத்தும். இன்டெல் கணிப்பொறிகளில் 2012 முதல் 2020 வரை வந்தவை பெரும்பாலும் மூன்றாம் தலைமுறைப் பாதை கொண்டவை. அவற்றில் இது 4 ஜிகாபைட்டாகச் சுருங்கிவிடும். இரண்டாம் தலைமுறையானால் 2தான். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மிச்சத் தகவல் இந்தச் சந்து வழியாகத்தான் வந்துபோக வேண்டும். அப்போது திரையில் காட்சி திக்கித் திக்கி நகரும். 2019 டிசம்பரில் இதே நிறுவனம் தந்த 5500 எக்ஸ்டியில் எட்டுத் தடங்கள் இருந்தன. காணொளியைப் பதிவு செய்யும்போது சுருக்கித் தரும் சுற்றும் இருந்தது. பின்னால் வந்ததில் இரண்டையும் குறைத்துவிட்டு 199 டாலர் விலை வைத்தார்கள். குறைந்த விலைக் கார்டைத் தேடுவோர் பெரும்பாலும் பழைய கணிப்பொறிக்காரர்கள். அவர்களிடம்தான் இது தன் முழுத் திறனைக் காட்டாது என்பது வேடிக்கை.

மின்சாரத்தையும் பார்த்துவிடுவோம். தாய்ப்பலகையின் ஸ்லாட் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியரும் 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியரும் தரும். மொத்தம் சுமார் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியுள்ள “500 வாட்” என்ற எழுத்தை நம்பிவிடாதீர்கள். பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைத் தேடுங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 216 வாட். அதைத்தான் பிராசசரும் கார்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் கருதி, விளையாட்டுக்கோ முப்பரிமாண வேலைக்கோ பழைய கணிப்பொறிக்குக் கார்டு தேடுவோருக்கு 2019 ஏப்ரலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650ஐயே நான் சொல்வேன். 128 பிட் அகலம், வினாடிக்கு 128 ஜிகாபைட், பதினாறு தடங்கள், 75 வாட். தனிக் கம்பி கேட்காத மாதிரியாகப் பார்த்து எடுக்கவும். (இதிலும் 2020இல் ஜிடிடிஆர்6 நினைவகத்துடன் அதே பெயரில் இன்னொன்று வந்தது. நல்லவேளை, அது முந்தியதைவிட வேகமானது.) படம் பார்க்கவும் கடிதம் எழுதவும் மட்டும் என்றால், பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார்டே வேண்டாம். அந்தப் பணத்துக்கு எஸ்.எஸ்.டி. வாங்கலாம்.

ஜிடி 1030தான் வேண்டும் என்போர், பில்லில் “ஜிடிடிஆர்5” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இயக்கினால் நினைவக வகை, அகலம், வினாடிக்கான அளவு மூன்றும் திரையில் தெரியும். உங்கள் திரை பழைய நீல நிற விஜிஏ இணைப்பு மட்டும் உள்ளதாயின், ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டிலும் அதற்கு வழியில்லை. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சிறு கருவியையும் கார்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளவும்.