சினமும் செவியும்: 'கிளாஷ்' குழுவினரின் இசை வளர்ச்சி

அரபு இலக்கணம் கற்கப் புகும் மாணவன் முதலில் மனனம் செய்வது மூன்றெழுத்து வினைமூலத்தையாகும். 'கதப' என்னும் மூலத்திலிருந்து எழுதுபவனைக் குறிக்கும் 'காதிப்' பிறக்கிறது, 'கிதாப்' பிறக்கிறது, 'மக்தப்' பிறக்கிறது. மூலம் சிறிதாயிருப்பது குறையன்று. அதிலிருந்து என்ன பிறக்கிறது என்பதே கேள்வி. லண்டன் மாநகரில் 1976ஆம் ஆண்டு தோன்றிய 'தி கிளாஷ்' என்னும் குழுவினரின் இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டபோது இப்பாடமே என் நினைவுக்கு வந்தது.

மேனாட்டு இளைஞரின் கூச்சலுக்கு நம் ஏட்டில் இடமேன் என வாசக அன்பர் வினவலாம். நியாயமான வினாவே. 'பங்க்' என வழங்கிய அவ்விசையின் இலக்கணம் மிக எளிது: இரண்டு மூன்று சுரக்கூட்டுகள், விரைந்த தாளம், உரத்த குரல். ஆயினும், சினத்தோடு பேசத் தொடங்கிய ஒருவன் அச்சினத்தைக் கைவிடாமலே தன் பேச்சைப் பண்படுத்திக்கொள்ள இயலுமா என்பது எம்மொழியார்க்கும் பொதுவான இலக்கியச் சிக்கலன்றோ?

ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன் ஆகியோரின் முதல் இசைத்தட்டு 1977 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் 14 பாடல்கள். வேலையின்மை, சலிப்பு, காவலர் கெடுபிடி ஆகியனவே பொருள். அவற்றுள் ஒன்று, 1976 ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர் காவலரோடு மோதியதைக் கண்டு, வெள்ளையரும் அவ்வாறே கிளர்ந்தெழ வேண்டுமெனக் கூவுகிறது. அதனைச் சிலர் இனவெறியெனப் பிறழ உணர்ந்தனர். கேட்டோரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. சொல்லில் தெளிவு போதாது. ஆனால், அதே தட்டில் ஜமைக்கா நாட்டு ஜூனியர் மர்வினின் ரெகே பாடலொன்றை ஏறத்தாழ ஆறு நிமிடம் நின்று நிதானித்து இசைத்திருக்கின்றனர். வளர்ச்சிக்குரிய வித்து அங்கேயே கிடந்தது.

1978 ஜூனில் வெளிவந்த தனிப்பாடல் ஒன்றில் அவ்வித்து முளைத்தது. லண்டனின் ஹாமர்ஸ்மித் அரங்கில், கறுப்பின மக்கள் நிறைந்த ரெகே நிகழ்ச்சியில், வெள்ளையராகிய ஸ்ட்ரம்மர் நிற்கிறார். தாம் நாடி வந்த கிளர்ச்சிக் குரல் அங்கில்லை எனக் கண்டு, பின்னர்த் தம்மையும் தம் தோழரையுமே ஐயுறுகிறார். பிறர் சினத்தை இரவல் கேட்டவர், பிறரைச் செவிமடுக்கக் கற்ற இடம் இது. ஆனால், அவ்வாண்டு நவம்பரில் வந்த இரண்டாம் தட்டில் அக்கல்வி தென்படவில்லை. ஒலி பெருத்தது, உள்ளீடு சிறுத்தது.

1979ஆம் ஆண்டில் புதுப்பாடல் எழுத இயலாது தவித்த குழுவினர், பிம்லிகோவிலிருந்த ஒரு பயிற்சிக்கூடத்தில் அமர்ந்து, பிறர் பாடல்களை இசைத்துப் பழகினர். கற்றவன் மீண்டும் மாணவனாவது எளிதன்று. ஜாஸ், ஸோல் ஆகிய இசைகளிலும் பயின்ற தாளக் கலைஞர் டாப்பர் ஹெடன் அவர்களுக்குத் துணைநின்றார். அதன் விளைவே அவ்வாண்டு டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்'. இரு தட்டுகள், 19 பாடல்கள். ஒரு தட்டின் விலைக்கே விற்கச் செய்தனர். ரெகே, ஸ்கா, ஜாஸ், பழைய ராக் அனைத்தும் அங்குண்டு. தலைப்புப் பாடல் ஓடவில்லை, அணிவகுப்புப்போல் நடக்கிறது. அணு உலை விபத்தையும் தேம்ஸ் வெள்ளத்தையும் எண்ணி நடுங்கும் அச்சத்துக்கு அந்நடையே பொருந்துகிறது. சிமனன் தாமே இயற்றிப் பாடிய பிரிக்ஸ்டன் பகுதியைப் பற்றிய பாடல், 1981இல் அங்குக் கலகம் மூளுமுன்னரே அதன் புழுக்கத்தைக் காட்டிவிட்டது.

இதனைத் துரோகம் என்றோரும் உளர். 1977 ஜனவரியில் பெருநிறுவனமொன்றோடு ஒப்பந்தமிட்ட அன்றே பங்க் மாண்டது என எழுதியவர்கள் வேறென்ன சொல்வர்? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சினம் குறையவில்லை, எங்கே உரக்கவும் எங்கே மெல்லவும் பேசவேண்டும் என்பதை அது கற்றுக்கொண்டது. அவ்வளவே.

எனினும் வளர்ச்சி வேறு, வீக்கம் வேறு. 1980இல் வந்த 'சாண்டினிஸ்டா' மூன்று தட்டுகளில் 36 பாடல்களைச் சுமக்கிறது. சுருங்கச் சொல்லிப் பொருள் விளக்குவதே சிறந்த சொல் என்னும் அரபுப் பழமொழியை அவர்கள் அறிந்திலர் போலும். பாதியைக் களைந்திருப்பின் பெருநூலாகியிருக்கும்.

1982இன் 'ராக் த கஸ்பா' நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி. மெட்டு ஹெடனுடையது, மிக இனிது. ஈரானில் மேலைநாட்டு இசைக்கு விதித்த தடை பற்றிய செய்தியே அப்பாடலைத் தூண்டியது என்பர். ஆயின் பாலைவன பதூயின், முஅத்தின், இந்திய ராகம் யாவும் அங்கு ஒரே கூடையில் கொட்டப்பட்டுள்ளன. ஹாமர்ஸ்மித்தில் தம்மையே ஐயுற்றவர், இங்கே பிறர் நாட்டை நாடகத் திரைச்சீலையாக்கிவிட்டார். மன்னன் ஏவிய விமானிகள் குண்டு வீச மறுத்து இசை கேட்பதாக முடியும் அப்பாடலை, 1991 வளைகுடாப் போரில் குண்டு வீசச் சென்ற படையினரே கொண்டாடினர் என்பது கசப்பான முடிவு. தெளிவற்ற சொல்லுக்கு முதல் தட்டில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

ஆதலின் இக்குழுவினரிடம் நாம் கற்பது இரண்டு. மூன்று சுரக்கூட்டில் தொடங்கியவனும் செவியைத் திறந்து வைத்தால் ஒரு நூலகமே படைக்கலாம். செவியை மூடிய அன்று, எத்துணை இனிய மெட்டும் அவனைக் காவாது.