மலைநாட்டு ஆயனும் மன்னிப்பின் மருமமும்

கிறித்தவ சமய உணர்வும் காதலும் மருமமும் ஒருங்கு இயைந்த புதினங்கள் அமெரிக்காவில் நெடுங்காலமாகப் படிக்கப்பெற்று வருகின்றன. அவற்றுட் பல, மக்கள் வழக்கம் அருகிய காட்டையோ மலையையோ களனாகக் கொண்டவை. இவ்வகையின் இயல்பை உணரக் கருதுவார், 1907-இல் வெளிவந்த ஹெரால்டு பெல் ரைட்டின் ‘தி ஷெப்பர்டு ஆஃப் தி ஹில்ஸ்’ என்னும் புதினத்தை நாடுதல் நன்று. ரைட் (1872–1944) சமய குருவாகப் பணியாற்றியவர். உடல்நலம் குன்றியபோது மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதியிற் சென்று தங்கியவர்.

இறையருள் கைவிடாது என்று முன்னரே நம்பியிருக்கும் வாசகனுக்கு, ‘யாது நிகழுமோ’ என்னும் அச்சம் எங்ஙனம் எழும்? இவ்வகைப் புதினம் ஒவ்வொன்றும் விடை கூறவேண்டிய வினா இது.

நகரத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் மலையில் ஆடு மேய்க்கிறார். அவர் யார் என்பதை எவரும் அறியார். அவருக்கு இடமளித்த கிழவர் மாட், தம் மகளைக் கைவிட்டு அவள் இறப்பிற்குக் காரணமாகிய ஓவியன்மீது தணியாப் பகை கொண்டவர். ஆயனோ அவ்வோவியனின் தந்தை! பேயெனப் பலர் அஞ்சிய மலையுருவம், மாண்டதாகக் கருதப்பட்ட அம்மகனே. இம்மருமம் வெளிப்படும்போது அவன் குகையொன்றிற் சாகும் தறுவாயிற் கிடக்கிறான். கொள்ளையர் தாக்குவரோ என்னும் பரபரப்பினும், கிழவர் மன்னிப்பாரோ மாட்டாரோ என்னும் ஐயமே நம்மை மிகுதியாகப் பிணிக்கின்றது. அருள் உண்டென நம்புவோரும், மனிதன் அதற்கு இணங்குவான் என்று உறுதி கூற இயலாதன்றோ? உண்மையான மருமம் இவ்விடத்தேதான் உள்ளது.

தமிழ் விவிலியத்தில் ‘வனாந்தரம்’ எனப்படும் நிலம் சோதனைக்குரிய இடமாகும். இசுரவேலர் 40 ஆண்டும் இயேசு 40 நாளும் அங்கே சோதிக்கப்பட்டனர். ரைட்டின் மலையோ மரமும் நீரும் செறிந்தது. ஆயினும் ஆற்றும் தொழில் அதுவே. நம் பாலைத் திணையை இதனோடு பொருத்திக் காட்டும் ஆசை தமிழ் கற்றார்க்கு எழுதல் இயல்பு. பாலைக்கு உரிப்பொருள் காதலரின் பிரிவு. ஈண்டோ, பகைவராகிய இரு தந்தையரை நிலம் ஒருங்கு கூட்டுகின்றது. ஆதலின் அவ்வொப்புமை பொருந்தாது.

காதற் பகுதி அத்துணைச் சிறந்ததன்று. சாமி லேன் என்னும் மலைமகள், நகரம் சென்று மாறிய ஆலி ஸ்டூவர்ட்டை நீக்கி இளைய மாட்டைத் தேர்கிறாள். வாஷ் கிப்ஸ் என்னும் கொடியவனை இளைய மாட் கைகலந்து வெல்கிறான். இக்கொடியவனின் கூட்டம் 1880-களில் அப்பகுதியில் உண்மையாகவே இருந்த ‘பால்டு நாபர்ஸ்’ என்னும் முகமூடிப் படையின் எச்சமாகக் காட்டப்படுகின்றது. பண்பின் உயர்வை உடல்வலியால் நிறுவும் இப்போக்கு, போதகர் ஒருவர் எழுதிய நூலுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை. எனினும், மகனைக் காதலில் வெல்லச்செய்த அதே வலிமையும் தன்மானமுமே தந்தையை மன்னிக்க ஒட்டாமல் தடுக்கின்றன. இம்முரணை ஆசிரியர் எண்ணி அமைத்தாரென்று துணிதற்கில்லை. ஆயினும் நூலின் உயிர்நாடி அதுவே.

ஒரு குறை மட்டும் நீங்காது நெஞ்சில் உறுத்துகின்றது. மன்னிப்பை வேண்டுபவரும் வழங்குபவரும் ஆடவரே. கைவிடப்பட்டு மாண்டவள் கதை தொடங்குமுன்னரே கல்லறை புக்கவள். அவள் கூற்றாக ஒரு சொல்லும் இல்லை. அவள் பொருட்டுத் தந்தை மன்னிக்கலாமா என்னும் வினா குகையில் எழுந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் அதனை எழுப்பாமலே கடந்து சென்றுவிடுகின்றார்.