பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பவர்

விஞ்ஞான அருங்காட்சியகம் ஒன்றுக்கு நீங்களும் பள்ளியிலிருந்து போய் வந்திருப்பீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஆறேழு பொருள்களைச் சொல்லிவிடுவீர்கள். அங்கே உங்களோடு பேசியவர் யார், என்ன சொன்னார் என்று கேட்டால் பலருக்கு விடை வராது. காட்சிப்பொருள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர். அவற்றின் பக்கத்தில் நின்று விளக்குகிறவர்களைப் பற்றியும், பேருந்தில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்கிறவர்களைப் பற்றியும், பிற ஊர்களுக்கு இவற்றை அமைத்துத் தரும் ஆலோசகர்களைப் பற்றியும் எழுதுகிறவர்கள் சொற்பம். இவர்களுடைய தொழிலைத்தான் இங்கே சற்று உரைத்துப் பார்க்கப்போகிறோம்.

பல மையங்களில் காணக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கீழிருந்து காற்று வேகமாக வீசுகிறது; அதன் நடுவில் ஒரு பந்து விழாமல் மிதக்கிறது. பக்கத்துப் பலகையில், வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறையும், இது பெர்னூலி தத்துவம் என்று எழுதியிருக்கும். விளக்குநர் அதையே ஒப்பிப்பார். "புரிந்ததா?" "புரிந்தது சார்." வரிசை நகர்ந்துவிடும். கல்லூரியில் என்னிடம் வரும் மாணவர்களில் இந்தப் பந்தைப் பார்க்காதவர் குறைவு. பந்து ஏன் பக்கவாட்டில் நழுவி விழவில்லை என்று கேட்டால், பலகை வாக்கியம் அப்படியே திரும்பி வரும்.

கெட்டிக்கார விளக்குநர் பலகையின் பக்கமே போகமாட்டார். பந்தை மெதுவாக வலப்பக்கம் இழுத்துப் பார் என்பார். அது திமிறிக்கொண்டு நடுவுக்கே திரும்பப் பார்ப்பதைச் சிறுவனின் விரல் உணரும். மற்றொரு கையைப் பந்துக்கு மேலே பிடிக்கச் சொல்வார். நேரே மேலே போய்க்கொண்டிருந்த காற்று, பந்தின் வளைவைத் தழுவிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்து போவது கைக்குத் தெரியும். பந்து காற்றை வலப்பக்கம் தள்ளுகிறது. ஆகவே காற்று பந்தை இடப்பக்கம் தள்ளியே தீரவேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி! உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான். பெர்னூலி சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலகை வாக்கியத்தால் சிறுவனுக்குக் கிடைக்காத ஒன்று இந்த மூன்று நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது.

இந்த வேலையின் அருமையை நன்கு அறிந்தவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, தாமும் பௌதிகர். அரசியல் காரணத்தால் 1949இல் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாட்டுப்பண்ணை நடத்தி, பிறகு ஒரு சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் தொடங்கியபோது, விளக்குநர்களாக அவர் பேராசிரியர்களைத் தேடவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே சம்பளம் கொடுத்து அமர்த்தினார், பயிற்சி கொடுத்தார். பார்வையாளர் முன்னிலையில் மாட்டுக்கண்ணை அறுத்துக் காட்டுவதும் இவர்களுடைய வேலையாக இருந்தது. எல்லாம் தெரிந்தவரைவிட, இப்போதுதான் தெரிந்துகொண்டவரிடம் கேள்வி கேட்பது சுலபம் அல்லவா?

அந்த நிறுவனம் தன் காட்சிப்பொருள்களின் செய்முறையை மறைத்து வைக்கவில்லை. 1970களிலும் 1980களிலும் 'சமையல் புத்தகம்' என்ற பெயரிலேயே மூன்று தொகுதிகள் வெளியிட்டு, சுமார் 200 பொருள்களைச் செய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தது. உலகெங்கும் அவை நகலெடுக்கப்பட்டன. பந்து வந்தது, ஆடிகள் வந்தன, ஊசல்கள் வந்தன. பயிற்சி பெற்ற அந்தப் பையன்களும் பெண்களும் மட்டும் எல்லா இடத்துக்கும் கூடவே வரவில்லை. ஆலோசகர் தொழிலின் பெரிய குறை இது என்பேன். இரும்புக்கும் கண்ணாடிக்கும் விலைப்புள்ளி தயாரிப்பது எளிது. பத்தாண்டுக்கு நான்கு நல்ல விளக்குநர்களுக்கு ஆகும் செலவைத் திட்டத்தில் எழுதினால் அதுதான் முதலில் அடிபடும். திறப்பு விழா முடிந்ததும் ஆலோசகர் ஊருக்குப் போய்விடுகிறார்.

நம் நாட்டுக் கதை இதைவிட நன்றாகவே ஆரம்பித்தது. கல்கத்தாவில் 1959இல் திறக்கப்பட்ட பிர்லா தொழில் அருங்காட்சியகம், 1965லேயே நடமாடும் காட்சியைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அருங்காட்சியகத்துக்கு வர முடியாதவரிடம் அருங்காட்சியகமே போயிற்று. 1978இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழு அமைந்த பின் இந்த வேலை நாடெங்கும் விரிந்தது. 1987இல் திருநெல்வேலியிலும் மாவட்ட அறிவியல் மையம் வந்தது. குழு மாநிலங்களுக்கு மையங்களைக் கட்டி ஒப்படைக்கிறது. மொரீஷியஸ் தீவில் 2004இல் திறந்த மையமும் இந்திய உதவியால் உருவானதுதான். கட்டித் தரும் திறமையில் நமக்குக் குறைவில்லை. பேருந்தோடு போகிறவர்களைப் பாராட்டவும் வேண்டும். பகலெல்லாம் பள்ளி வளாகத்தில் கூட்டத்தைச் சமாளித்து, இரவில் தொலைநோக்கியைத் தூக்கி வைத்து வானத்தைக் காட்டுவது லேசான காரியமல்ல.

ஒப்படைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. நான் மாணவர்களோடு போன ஒரு மையத்தில் 'பழுது' என்ற அட்டை தொங்கிய பொருள்களை எண்ணிக்கொண்டே வந்தோம், பதினொன்று. அங்கிருந்த ஒரே விளக்குநர் தற்காலிக ஊழியர், நுழைவுச்சீட்டும் அவரே கிழித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது ஏழை நாட்டு நோய் மட்டும் அல்ல. 2020இல் கொரோனா பரவியபோது, பெரும் செல்வமுள்ள நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் ஒப்பந்தக் கல்வியாளர்களை முதலிலேயே நிறுத்திவிட்டது.

தமிழில் படிக்கும் மாணவருக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பலகையில் ஆங்கிலம் பெரிதாக இருக்கும். கீழே தமிழ் இருந்தாலும் சில இடங்களில் அகராதியைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். விளக்குநரோ "பிரஷர் கம்மியாகும்" என்று முடித்துவிடுவார். அழுத்தம் என்றால் என்ன என்று தமிழில் நிதானமாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால், அந்த மாணவர் கேள்வி கேட்கத் துணிவார். அப்படிச் சொல்லத் தெரிந்த எம்.எஸ்சி. பட்டதாரிகள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். பிளஸ் டூ மாணவர்களையும் விடுமுறையில் பழக்கலாம்.

அடுத்த முறை போகும்போது பொத்தானை அமுக்குவதற்கு முன், பந்தைத் தொடலாமா என்று விளக்குநரிடம் கேளுங்கள். தொடாதே என்று பதில் வந்தால், ஏன் என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக் கேட்டுவிட்டு வாருங்கள்.