ஒற்றைக்கண் பாலத்தின் ஆறு துளைகள்

கல் வளைவு கெட்டுப்போனால் நடுப்பகுதி தொய்ந்து கீழே இறங்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். வேல்ஸ் நாட்டின் பான்டிபிரீத் ஊரில், டாஃப் ஆற்றின் குறுக்கே எழுந்த ஒரு பாலம் நேர்மாறாகக் கெட்டது. அதன் உச்சி மேல்நோக்கிப் பிதுங்கியது. பிறகு மொத்தமும் சரிந்தது.

கட்டியவர் வில்லியம் எட்வர்ட்ஸ். கொத்தனார், பாதிரியாரும்கூட. பல கண்கள் வைத்து 1746இல் அவர் தொடங்கிய முதல் பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது. மிதந்து வந்த மரங்களும் செத்தைகளும் தூண்களில் சிக்கித் தண்ணீரை மறித்துவிட்டன. ஏழாண்டுக்குப் பாலம் நிற்கும் என்று அவர் பொறுப்பேற்றிருந்தார். அதனால் மறுபடியும் இறங்கினார். இம்முறை ஆற்றில் தூணே வேண்டாம், 140 அடியையும் ஒரே வளைவில் தாண்டுவது என்று துணிந்தார். பிதுங்கியது அந்த வளைவுதான்.

வளைவின் கற்கள் ஒன்றையொன்று நெருக்கியே நிற்கின்றன. அந்த நெருக்குதல் கல்லின் தடிமனுக்குள்ளேயே இறங்கிக் கரை சேர வேண்டும். எட்வர்ட்ஸின் பாலத்தில், உச்சிக்கும் கரைக்கும் இடையிலுள்ள இரு தோள்களிலும் நிரப்பிய கல்லும் மண்ணும் மிகக் கனம், உச்சியோ மெலிசு. தோள்கள் அமுங்க, உச்சி எழும்பியது. இப்படிக் கெடும் வளைவில் உச்சியின் இணைப்புகள் மேற்புறமாக வாய் பிளக்கும், தோள்களிலோ அடிப்புறமாக. அடியில் நின்று உச்சியை மட்டும் அண்ணாந்து பார்ப்பவருக்குக் கல்லெல்லாம் இறுக்கமாகவே தெரியும். பழைய பாலங்களைச் சோதிப்பவர்கள் விரிசல் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான்.

இனி, மறுபடி கட்டியபோது அவர் செய்த திருத்தத்தைப் பாருங்கள். கல்லைக் கூட்டவில்லை, குறைத்தார். ஒவ்வொரு தோளிலும் மூன்று உருளைத் துளைகளைப் பாலத்தின் இந்த முகத்திலிருந்து அந்த முகம்வரை ஊடுருவ விட்டார். கரையோரத் துளை 9 அடி விட்டம், அடுத்தது 6, உச்சிக்கு அருகில் 3. கனம் எங்கே மிகுதியோ அங்கே பெரிய துளை. வளைவு ஏற ஏறத் துளை சிறுக்கிறது. என்ன அழகான அளவு! புல்லாங்குழலின் துளைகளைப் போல ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில் இருக்கிறது. பார்ப்பவர்கள் அலங்காரம் என்று ரசிக்கும் இந்த ஆறு வட்டங்களில் அலங்காரத்துக்காக வைத்தது ஒன்றுகூட இல்லை. மூடிவிட்டால் பழைய பாரம் தோளில் ஏறிவிடும்.

1756இல் முடிந்த அந்த வளைவு இன்றும் நிற்கிறது. உயரம் 35 அடி, அதாவது தாண்டும் தொலைவில் சரியாகக் கால் பங்கு. அந்த உயரம் வண்டிக்காரர்களுக்குச் சுமையானது உண்மை. ஏற்றம் அவ்வளவு செங்குத்து; இறக்கத்தில் வண்டி குதிரையின் மேல் பாயாமலிருக்கச் சங்கிலி பூட்டி இழுத்துப் பிடித்தார்கள். 1857இல் பக்கத்திலேயே ஏற்றமில்லாத இன்னொரு பாலம் வந்தது. வண்டிகள் அதற்கு மாறின. எட்வர்ட்ஸின் பாலம் நடப்பவர்களுக்கானது. புதுப்பாலம் அதன் ஒரு முகத்தை நெருங்கி மறைப்பதில்தான் எனக்கு வருத்தம். துளைகளின் வரிசையை முழுதாகப் பார்க்க மறுபக்கம் போய் நிற்க வேண்டும்.