மறுசோறும் பழைய பாக்கியும்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்குச் சென்னைவாசிகள் வைத்த பட்டப்பெயர் 'சேவல் பண்ணை'. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்த கல்யாணமாகாத குமாஸ்தாக்கள், விற்பனைப் பிரதிநிதிகள், உதவி இயக்குநர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பல தலைமுறை அங்கே கட்டில் வாடகை கொடுத்திருக்கிறது. அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. ஆகவே பெட்டியை வைத்த கையோடு விசாரிப்பது, பக்கத்தில் நல்ல மெஸ் எது என்பதைத்தான். அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் வாசலில் டோக்கனுடன் காத்து நின்றவர்களும், மதுராவிலிருந்து வந்த குடும்பம் 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் இட்லி முங்க முங்கச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டவர்களும் இன்று ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். பேச்சைத் தொடங்கி வைத்தால் போதும், விலைப்பட்டியல் உட்பட ஒப்பிப்பார்கள்.

இத்தகைய நினைவுகள் தமிழில் ஏராளம். சிறுகதையாக, சினிமாக் காட்சியாக, பத்திரிகைக் கட்டுரையாக, குடும்பக் கதையாக வந்துகொண்டே இருக்கின்றன. சேர்த்துவைத்துப் பார்த்தால் அவற்றில் ருசிக்குக் கிடைக்கும் இடம் குறைவு. யார் கேட்காமலே மறுசோறு போட்டார், யார் மாதக் கடைசிவரை பொறுத்தார், யார் முகத்தைச் சுளித்தார், யார் வெளியே நிற்கச் சொன்னார் என்பவையே அதிகம். அடக்க விலைக்கும் கல்லாவில் வாங்கும் விலைக்கும் நடுவே விழும் துண்டை யாராவது ஒருவர் தாங்கியாக வேண்டும். அந்த ஆள் யார் என்பதைப் பொறுத்தே நினைவு இனிக்கிறது, கசக்கிறது.

மெஸ் சாப்பாட்டில் அந்தக் கணக்கு இலையிலேயே தெரியும். அளவுச் சாப்பாடு ஒரு விலை, முழுச் சாப்பாடு ஒரு விலை. முழுச் சாப்பாட்டில் சோற்றுக்கும் குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்கும் வரம்பில்லை. கூட்டு ஒரு கரண்டி, அப்பளம் ஒன்று. இன்னொரு முறை பொரியல் கேட்டால் பரிமாறுகிறவர் "வருது" என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு அந்த வரிசைப் பக்கமே திரும்ப மாட்டார். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் சாம்பார் வாளி வரும்போதே "அண்ணே, அடியோட கலக்கி ஊத்துங்க" என்பார், பருப்பும் முருங்கைக்காயும் மேலே மிதக்காது என்பதால். கடைசி உருண்டை மோர்ச் சோறு கையில் இருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். நிதானமாகச் சாப்பிடுகிறவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. ஒரு மதியத்தில் ஒரே நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிறார்கள் என்பதில்தான் முதலாளியின் பிழைப்பு இருக்கிறது.

மாதக் கணக்கு இன்னொரு பிடி. அட்டையில் தினமும் இரண்டு வேளைக்கு டிக் அடித்துத் தருவார்கள். ஊருக்குப் போன நாட்களைக் கழிக்கலாமா கூடாதா என்பதில் மாதா மாதம் ஒரு வழக்கு நடக்கும். பல மெஸ்களில் ஞாயிறு இரவு அடுப்பு கிடையாது. பன்னும் வாழைப்பழமுமாக அந்த இரவைத் தள்ளியது மேன்ஷன்வாசிகள் அநேகமாக எல்லாருக்கும் பொதுவான அனுபவம்.

அசைவத்தில் இதே இடத்தைப் பிடித்தது முனியாண்டி விலாஸ். மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் 1930களில் காரைக்குடியில் ஆரம்பித்த கடையிலிருந்து கிளைத்த பெயர் அது. தனி முதலாளிகள், தனிக் கடைகள். பொதுவாக இருப்பது குலசாமி மட்டுமே. நாளின் முதல் வியாபாரக் காசைச் சாமிக்கென எடுத்துவைப்பது அவர்களிடையே வழக்கம். ஆண்டுக்கொரு முறை வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் கூடி, கிடா வெட்டி, பிரியாணி சமைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் பசிப்பவர்களுக்குப் பரோட்டாக் கடை. எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மாஸ்டர் மேடையில் தட்டி, விசிறி, வலைத்துணி கணக்காய் விரித்து, மடித்துச் சுற்றிக் கல்லில் போடுகிறார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமிருந்தும் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. அடுக்குகள் பிரிந்து ஆவி பறக்கும். விருதுநகரில் கல்லுக்குப் பதில் எண்ணெயிலேயே பொரித்தெடுப்பார்கள். பிய்த்துப் போட்ட பரோட்டாவுக்குச் சால்னா இலவசம். கறித்துண்டு இல்லாமல் வருவதால் அதற்கு 'எம்ட்டி சால்னா' என்று பெயர். இரண்டே பரோட்டாவுக்கு நாலு முறை சால்னா வாங்குவது இளந்தாரிகளின் உரிமை. நாலாவது முறை வரும் சால்னாவில் தண்ணீரின் பங்கு கூடியிருக்கும்.

2009இல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு' படத்தின் பரோட்டாப் பந்தயம் இந்த உறவின் மேல்தான் நிற்கிறது. சூரி தின்னத் தின்ன கடைக்காரர் கோடு போட்டு எண்ணுகிறார். ஐம்பது நெருங்கும்போது எண்ணிக்கையில் தகராறு வருகிறது. சரி, எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார் சூரி. கடைக்காரர் அலறுகிறார். மலிவுக் கடையில் இரண்டு பக்கமும் எப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கும் என்பது தெரிந்த கூட்டம் அந்தக் காட்சியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. நடிகரின் பெயருக்கு முன்னால் பரோட்டா ஒட்டிக்கொண்டது.

தின்றவர் தரப்புப் புகார்களும் பழையவைதான். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் வந்த கதை. பூலோகத்துக்கு வந்த கடவுளைப் பிள்ளை முதலில் கூட்டிப்போவது ஒரு காப்பி ஓட்டலுக்கு. கடவுளையே கவர்ந்துவிடுகிற அந்தக் காப்பியின் ரகசியம் சிக்கரி என்று போட்டு உடைக்கிறார் பிள்ளை. கடவுள் நீட்டும் நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை கொடுப்பதும் அங்கே ஒரு விவகாரமாகிறது. கலப்படம், சில்லறைத் தட்டுப்பாடு ஆகிய ஓட்டலின் இரண்டு நிரந்தரச் சங்கடங்கள் அப்போதே இலக்கியத்தில் பதிவாகிவிட்டன.

பின்னால் வந்த பட்டியல் இன்னும் நீளம். சீக்கிரம் வயிறு நிரம்பட்டும் என்று சோற்றில் சோடா உப்புப் போடுகிறார்கள் என்பது எல்லா விடுதி மாணவர்களும் எல்லா மெஸ் மீதும் வைத்த குற்றச்சாட்டு. நேற்றைய வடை இன்றைய வடைகறி. காலையில் மிஞ்சிய இட்லி சாயங்கால உப்புமா. பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ச் சட்டி கறுத்துப்போயிருக்கும், அதில் புது எண்ணெய் மேலுக்கு மேல் சேர்ந்துகொண்டிருக்கும். கை துடைக்க நறுக்கி வைத்த செய்தித்தாள் துண்டு, கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை ஊற்றி நூலால் இறுக்கிய பிளாஸ்டிக் பை. இவற்றில் சில இன்று சட்டத்தின் பிடிக்குள் வந்துவிட்டன. 2018 ஜூலை முதல், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. தள்ளுவண்டிக்காரர் எண்ணெயை அடிக்கடி மாற்றினால் வடை விலை ஏறும். ஏறினால் பக்கத்து வண்டிக்குக் கூட்டம் போய்விடும். விதி சரியானதே, அதன் செலவு யார் தலையில் என்பது மட்டும் தீரவில்லை.

காசு இருந்தும் சாப்பிட முடியாமல் போனவர்களின் நினைவு வேறு ரகம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' காட்டுகிறபடி, காப்பி கிளப்புகள் பெருகிய காலத்திலேயே அவற்றுக்குள் சாதியும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம், தலித்துகளுக்கு இடமே இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகங்களுக்குள் நுழையச் சாதி தடையாகாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. ஆனாலும் பெயர்ப்பலகைகளில் 'பிராமணாள்' தொடர்ந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது; தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். கடைசியில் பலகை மாறியது. கிராமத்து டீக்கடையில் பெஞ்சுக்கு ஒரு கிளாஸ், கூரை ஓரத்தில் செருகிய இன்னொரு கிளாஸ் என்ற இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. பிளாஸ்டிக் கப்பும் காகிதக் கப்பும் வந்தபோது அந்த ஏற்பாட்டைக் கண்ணில் படாமல் தொடரவும் சில இடங்களில் வழி கிடைத்தது. டீக்கடை பெஞ்சைப் பற்றிப் பாசத்தோடு எழுதுகிறவர் அதில் உட்கார அனுமதி இருந்தவர் என்பதை வாசிக்கிறவர் கவனத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

இனிப்பான பக்கத்தின் உச்சம் என்று ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையைச் சொல்லலாம். 2011இல் 'அறம்' வரிசையில் வந்தது. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கெத்தேல் சாகிப் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கல்லா கிடையாது. ஒரு பெட்டி இருக்கிறது. போடுகிறவர் போடலாம், போடாதவரை யாரும் கேட்பதில்லை. பசியோடு படிக்க வந்த பையனின் இலையில் அவர் பொரித்த மீனை அதட்டி வைக்கிறார். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அவன் அந்தப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து போட்டாலும் அவர் முகத்தில் மாற்றமில்லை. கதையின் பலம் அந்த முகத்தில் இருக்கிறது. உபகாரம் செய்கிறவர் முகம் பார்த்தே கூசிப்போன ஏழைப் பையன்களுக்கு, தன்னைக் கவனிக்கவே கவனிக்காத ஒரு கை கிடைத்ததுதான் விடுதலை.

அப்படிப்பட்ட கைகள் கதைக்கு வெளியிலும் உண்டு. கோவை வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி விறகடுப்பில் இட்லி அவித்து ஒரு ரூபாய்க்கு விற்ற செய்தி 2019இல் நாடெங்கும் பரவியது. கேஸ் அடுப்பு வந்தது, 2022இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா தரப்பிலிருந்து வீடும் கிடைத்தது. அதே கோவையின் சிங்காநல்லூரில் சாந்தி சோஷியல் சர்வீசஸ் உணவகம் நிறுவனமாகவே மலிவு விலையில் நடக்கிறது. தொடங்கிய சுப்பிரமணியம் 2020இல் காலமான பிறகும் கூட்டம் குறையவில்லை. பாட்டியிடம் பற்றாக்குறையைத் தாங்கியது அவருடைய உழைப்பு, சிங்காநல்லூரில் அறக்கட்டளை.

2013இல் அந்தச் சுமையை அரசே எடுத்துக்கொண்டது. சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரவில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். நின்றுகொண்டே சாப்பிடும் உயர மேசை, எவர்சில்வர் தட்டு, டோக்கன். ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர் என்று ஒரே வரிசை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் பல நாட்கள் இலவசமாகவே சாப்பாடு கொடுத்தார்கள். பெங்களூரில் 2017இல் இந்திரா கேன்டீன் வந்ததற்கு இதுவே முன்மாதிரி. 2021 மே மாதம் ஆட்சி மாறிய கையோடு சென்னையில் ஓர் உணவகத்தின் பலகைகளைச் சிலர் பிய்த்தெறிந்தபோது, வெற்றி பெற்ற கட்சியே அவர்களை நீக்கிவிட்டுப் பலகைகளைத் திரும்ப மாட்டச் சொன்னது. ஒரு ரூபாய் இட்லிக்குப் பழகிய ஊரில் அதன்மேல் கை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. அங்கேயும் முணுமுணுப்பு உண்டு: சாம்பார் தண்ணீர், இட்லி கல், எட்டரைக்குப் போனால் பொங்கல் காலி. குறையைச் சொல்லிவிட்டு மறுநாள் அதே வரிசையில் நிற்பதும் உண்டு.

இத்தனை நினைவுகளிலும் மிகக் குறைவாகப் பேசியிருப்பவர் மேசை துடைத்த பையன். இலையெடுக்க, டம்ளர் கழுவ, தண்ணீர் வைக்க என்று கிராமத்திலிருந்து கூட்டிவரப்பட்டவன். கடை மூடியதும் அதே மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தவன். சம்பளத்துக்குப் பதில் சாப்பாடு என்ற ஏற்பாட்டில்தான் பல கடைகளின் விலைப்பலகை நின்றது. உணவகங்களிலும் தாபாக்களிலும் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடை 2006 அக்டோபர் 10இல்தான் வந்தது. 2016 திருத்தம் அதை ஏறக்குறைய எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. பெருமாள்முருகனின் 'நிழல்முற்றம்' நாவலில் சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்கள் வருகிறார்கள். கொறிக்கவும் குடிக்கவும் வாங்கியவர்கள் மறந்துபோன முகங்களை விற்றவன் பக்கமிருந்து காட்டும் அந்த நாவலுக்குத் தமிழில் துணை அதிகமில்லை.

பையன்கள் போன இடத்துக்கு இப்போது ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். பரோட்டா அடிக்கிறார்கள், தோசைக் கல்லில் நிற்கிறார்கள், "என்ன வேணும் அண்ணா" வரைக்கும் தமிழ் கற்றுக்கொண்டு மெனுவை மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அவர்களுக்கென்றே தகரக் கூரைக் கடைகள் முளைத்துவிட்டன. ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, வார இறுதியில் மீன். விலைப்பலகை இந்தியில் இருக்கிறது, கல்லாவில் பற்று நோட்டும் இருக்கிறது. சம்பளம் போடும் நாளன்று பாக்கியை அடைத்துவிட்டு அடுத்த பக்கத்தில் புதுக் கணக்கைத் தொடங்குகிறார்கள்.