மூத்த மகனைப் பாருங்கள்

முகத்தில் பூசிய நிறம், வாயில் வந்த உச்சரிப்பு. ஈழத்துப் பாத்திரம் ஒன்று திரையில் வந்தால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எழுகிற விவாதம் இந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது. 2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பகுதி வந்தபோதும் அதுதான் நடந்தது. ராஜி என்ற ஈழப்பெண்ணாக நடித்தவரை ஒப்பனையால் கறுப்பாக்கியிருந்தார்கள். கண்டனம் குவிந்தது. கண்டித்ததில் பிழையில்லை. ஆனால் அது ஒரு துப்பறியும் கதை. துப்பறியும் கதையில் நிறத்துக்கும் உச்சரிப்புக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கேள்வி கேட்கும் வேலையை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? அந்தத் தொடரில் கேட்பவர் இந்தியப் புலனாய்வு அதிகாரி. ராஜி தேடப்படுகிறவள். அவள் ஓடலாம், அடிக்கலாம், சாகலாம். ஒரு மர்மத்தை அவிழ்க்க முடியாது. அந்த இடம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

நடிகர் தேர்வு பற்றிய எங்கள் கோபம் தவறான இடத்தில் செலவாகிறது என்பது என் கட்சி. இதை விளக்க ஹொலிவூட்டின் பழைய மர்மப் படங்களுக்குப் போக வேண்டும். அங்கே எல்லோரும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற இன்னொருவர்தான் உண்மையான ஆட்டத்தை ஆடினார்.

எல்லோரும் பார்த்தது சார்ளி சான் என்ற சீனத் துப்பறிவாளரை. ஹொனலுலுப் பொலிஸில் கையில் சாட்டையோடு திரிந்த சாங் அப்பானா என்ற அதிகாரியே அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி என்பார்கள். ஏர்ள் டெர் பிகர்ஸ் 1925இல் சானை நாவலில் கொண்டுவந்தார். 1926இலும் 1927இலும் ஜப்பானிய நடிகர்கள் அந்த வேடத்தைச் செய்தார்கள், எடுபடவில்லை. 1931இல் பொக்ஸ் நிறுவனம் ஒரு சுவீடன் நாட்டவருக்கு வேடத்தைக் கொடுத்தது. அவர் 16 படங்களில் சான் ஆனார். ஷாங்ஹாயில் உள்ளூர் நிறுவனங்கள் தாங்களாகச் சான் படம் எடுத்தபோது, அதில் நடித்த சீனர்கூட அந்தச் சுவீடன்காரரின் நடையையும் நிதானத்தையும் பார்த்தே செய்தார். விமர்சகர்கள் இன்றைக்கும் விடாமல் எழுதுவது சான் என்ற அந்தத் தகப்பன் வேடத்தைப் பற்றித்தான். மெதுவான பேச்சு, பழமொழி, பணிவு, இரவல் முகம்.

நான் பார்க்கச் சொல்வது சானின் மூத்த மகனாக நடித்தவரை.

1935இல், பாரிஸில் நடக்கும் கதையில், அவர் முதன்முறை உள்ளே வருகிறார். குவாங்சோவில் பிறந்து சியாட்டிலில் வளர்ந்தவர். நடிக்க வருவதற்கு முன்னர் திரைப்பட விளம்பரங்களுக்குப் படம் வரைந்தவர். கதையில் அவருக்குத் தரப்பட்ட வேலை சிரிப்பு மூட்டுவது. தகப்பன் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து, குற்றவாளி இன்னார் என்று சொல்லி, பிழைவிட வேண்டும். எல்லோரும் அதைக் கோமாளித்தனம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பப் பாருங்கள். அந்த நடிகர் ஒரு தடவையேனும் கமராவைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. தான் சொல்வது பிழை என்று அவருக்கு முன்கூட்டித் தெரிந்தது போன்ற சாயல் முகத்தில் இல்லை. பிழையான ஊகத்தையும் முழு நம்பிக்கையோடு, ஒரு விசாரணையின் முடிவாகவே கொண்டுவந்து வைக்கிறார். சிரிப்பு வந்தால் அது திரைக்கதையின் கணக்கில். அவர் கணக்கில் அது துப்பறிதல்தான்.

இன்னொரு முடிவும் எடுத்தார். தகப்பன் அரைகுறை ஆங்கிலத்தில் ஊர்ந்து பேசும்போது, மகன் எந்த அமெரிக்கப் பெடியனும் பேசுகிற வேகத்தில் பேசினார். அந்த வேகம் படத்துக்குள் ஒரு வெளிச்சத்தைப் போட்டுவிடுகிறது. சீனர் இப்படித்தான் பேசுவார் என்று படம் நம்பவைக்கப் பார்க்கும் அதே நேரத்தில், படத்தில் இருக்கும் உண்மையான சீனக் குடும்பத்துப் பிள்ளை வேறுவிதமாகப் பேசிக்கொண்டு நிற்கிறது. அவருடைய அவசரத்தைக் கழித்துவிட்டால் தகப்பனின் நிதானம் வெறும் ஒப்பனையாகிவிடும். அந்தத் தொடரைத் தாங்கியது மகன்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

1938இல் சுவீடன்காரர் ஒரு படத்தை நடுவில் விட்டுவிட்டுப் போனார். எடுத்த காட்சிகளை வீணாக்க மனமில்லாமல் நிறுவனம் அதை மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளரின் படமாக மாற்றியது. அந்த வேடத்திலும் ஐரோப்பியர்தான். தகப்பனை மாற்றினார்கள், மகனை மாற்றவில்லை. அதே பெயரில், அதே மகனாக, மோட்டோவின் மாணவனாகத் தொடர்ந்தார். எதைக் கழற்றலாம், எதைக் கழற்ற முடியாது என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. 1940இல் மொனோகிராம் நிறுவனம், அதுவரை ஐந்து படங்களில் ஓர் ஆங்கிலேயர் செய்த வொங் என்ற துப்பறிவாளர் வேடத்தை இந்த மகனிடம் கொடுத்தது. ‘பாண்டம் ஒஃப் சைனாடவுன்’. மலிவான, குட்டிப் படம். ஆனால் அதில் அவர் கேள்வி கேட்கிறார். சாதாரண ஆங்கிலத்தில், சாதாரண வேகத்தில், பழமொழி இல்லாமல் கேட்கிறார். ஐந்து வருடமாகப் பிழையான ஊகங்களைச் சீரியஸாக நடித்துப் பழகியவருக்குச் சரியான கேள்வியைக் கேட்பது இலகுவாக வந்தது. அத்தோடு அந்தத் தொடரை நிறுத்திவிட்டார்கள். 1948இல் அவரை மறுபடி மகன் வேடத்துக்கு அழைத்தார்கள். அப்போது தகப்பனாக நடித்தவர் அவரைவிடச் சில மாதங்கள் இளையவர்! 1972இல் ஒரு கார்ட்டூன் தொடரில், குரலாக மட்டும், ஒருவழியாகச் சார்ளி சான் ஆனார்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

சான் படங்களில் சீனரின் முகம் இரவல். கேள்வியோ சீனப் பாத்திரத்தின் வாயில் இருந்தது. அறைக்குள் இருக்கும் பணக்காரர், கொமிஷனர், பிரபு எல்லோரும் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வன்னியைப் பற்றி வந்த படங்களில் முகமும் இரவல், கேள்வியும் இல்லை. 1931இல் ஹொலிவூட் நின்ற இடத்துக்கும் ஒரு படி பின்னால் நாங்கள் நிற்கிறோம்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 பெப்ரவரியில், போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதத்தில், அது வெளிவந்தது. மாங்குளம் என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது அந்தப் படத்தால்தான், அதற்காக நான் மணிரத்னத்துக்கு என்றும் நன்றி சொல்வேன். ஆனால் அது எங்கள் மாங்குளத்தில் எடுக்கப்பட்டதல்ல. ஷ்யாமா என்ற வன்னித் தாயாக நடித்தவருக்குத் தமிழ் தாய்மொழியும் அல்ல. விவாதம் வழமைபோல அங்கேயே நின்றது. அந்தப் படமும் துப்பறியும் படம் என்பதை எவரும் கவனிக்கவில்லை. தன்னைப் பெற்றவள் யார் என்று ஒரு சென்னைச் சிறுமி விசாரிக்கிறாள். தடயம் தேடுகிறாள், கடல் கடக்கிறாள், ஆளைக் கண்டுபிடிக்கிறாள். கடைசியில் தாய்க்கு முன்னால் நின்று வரிசையாகக் கேட்கிறாள். ஏன் விட்டுவிட்டுப் போனாய், அப்பா யார்? ஷ்யாமாவிடம் பதில் இல்லை. அந்த நடிகை அழுவதும் திணறுவதும் நல்ல நடிப்பு, மறுக்கமாட்டேன். நான் காத்திருப்பது, ஷ்யாமா திரும்ப ஒரு கேள்வி கேட்கும் கணத்துக்கு. ஒன்பது வருடம் என்ன சாப்பிட்டாய், யார் தூக்கி வளர்த்தார்கள், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எந்த வன்னித் தாயும் கேட்டுத் துளைத்திருப்பாள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் அந்தக் கேள்விகள் அவளை எங்கள் ஊர்க்காரியாக்கியிருக்கும்.

‘ஆணிவேர்’ 2006இல் வந்தது. அது வன்னி மண்ணிலேயே எடுக்கப்பட்டது. இடம் சரி, மரம் மட்டை சரி, சுற்றி நின்ற சனமும் சரி. அங்கேயும் தேடி வருகிறவர் இந்தியாவிலிருந்து வரும் பெண் பத்திரிகையாளர். எங்கள் சனம் சாட்சி சொல்கிறது. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வென்ற ‘தீபன்’ இன்னும் தெளிவான உதாரணம். நாயகனாக நடித்தவர் இயக்கத்தில் இருந்து, பிரான்சுக்கு அகதியாகப் போன எழுத்தாளர். முகம் இரவல் இல்லை, நாக்கும் இரவல் இல்லை. இருந்தும் பிரெஞ்சு அதிகாரி கேட்க, மொழிபெயர்ப்பாளர் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று திருத்த, அவர் பதில் சொல்லிக்கொண்டு இருக்கிறார். முகத்தைச் சரிபண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

உருமாற்று வேடம் எங்கள் சனத்துக்குப் புதிதும் அல்ல. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் கண்ணகியாக ஆடியவர்கள் வழிவழியாக ஆண்கள். விடிய விடிய இருந்து பார்த்த எந்தக் கிழவியும் இது பொம்பிளை இல்லையே என்று எழும்பிப் போகவில்லை. பாண்டியன் சபையில் கேட்பது கண்ணகி. பதில் சொல்ல வேண்டியவன் அரசன். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, என் சிலம்பில் இருப்பது மாணிக்கம், உடைத்துப் பார் என்று தடயத்தைக் கொண்டுவந்து சபையில் போட்டவள் அவள். அண்ணாவியார்மார் யாரை ஆடவைப்பது என்பதில் ஆளின் குரலைப் பார்த்தார்கள், சபைக்குள் நுழையும் மிதியைப் பார்த்தார்கள். அந்த ஒரு கட்டத்தில் தொண்டை அடைத்தால் இரவு முழுக்க ஆடியதும் வீண். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கூடும் சனம் வணங்குவது கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைத்தான்.

வன்னியில் கேள்விகளுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய் என்பதற்குப் பதில் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது. 2014இல் காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழுவும் வந்தது. பிள்ளை எங்கே என்று கேட்கப் போன அம்மாமார், கடைசியாக எப்போது கண்டீர்கள், என்ன உடுப்புப் போட்டிருந்தார், யார் சாட்சி என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்தது, கேட்கிற பக்கத்தைத் திரும்பப் பிடிப்பதற்காகத்தான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபைல். உள்ளே படம், திகதி, முறைப்பாட்டுத் துண்டு, யார் எங்கே கண்டதாகச் சொன்னார்கள் என்ற குறிப்பு. நான் படித்த எந்தத் துப்பறியும் நாவலிலும் இவ்வளவு ஒழுங்காகத் தடயம் சேர்த்தவரைக் கண்டதில்லை.

ஆகவே என் கணிப்புகள்.

பத்து வருடத்துக்குள் வன்னியிலிருந்து ஒரு துப்பறியும் நாயகி வருவார். சென்னையோ கொழும்போ அவரை உருவாக்காது. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் உருவாக்குவார்கள். சீருடை போட்டவராக இருக்கமாட்டார், இங்கே பார்வையாளர் சீருடையோடு ஒட்டமாட்டார்கள். விதானையார் ஒருவரை நாயகனாக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். எந்த வளவில் யார் இருந்தார், யார் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், நல்ல யோசனைதான். ஆனாலும் நான் பந்தயம் கட்டுவது ஐம்பது தாண்டிய, ஃபைல் வைத்திருக்கும் பெண்ணின் மீது. முதல் கதை காணி உறுதி ஒன்றில் தொடங்கும். இரண்டாவது கதையை எழுதுகிறவர்கள், 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோது வெளிப்பட்ட மனிதப் புதைகுழியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அதை எழுதப் பயப்படுவார்கள். எழுதத்தான் போகிறார்கள்.

வெற்றி கண்டதும் வெளியே இருந்து பெரிய நிறுவனம் ஒன்று உரிமையை வாங்கும். நாயகி வேடத்தை வெளியூர் நட்சத்திரத்துக்குக் கொடுக்கும். நிறம், உச்சரிப்பு என்று மறுபடி சண்டை தொடங்கும். நான் அந்தச் சண்டைக்கு வரமாட்டேன். திரைக்கதையில் ஒன்றைத்தான் தேடுவேன்: அந்தப் பெண்ணின் கேள்விக்கு அதிகாரத்தில் இருக்கும் ஒருவராவது பதில் சொல்ல வேண்டியிருக்கிறதா? இருந்தால் எனக்குப் போதும். இல்லாவிட்டால், ஊர் நடிகையே நடித்தாலும் நான் எதிர்த்து எழுதுவேன்.

அந்தப் படத்தில் உதவியாளாக ஒரு உள்ளூர்ப் பெடியனையோ பெட்டையையோ போடுவார்கள், சிரிப்புக்கு. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மூச்சு வாங்க, பிழையான ஆளைக் குற்றவாளி என்று சொல்லும் வேடம். அந்தப் பிள்ளையை விடாமல் கவனியுங்கள். பிழையான ஊகத்தைச் சொல்லும்போது கமராவைப் பார்த்துச் சிரிக்காவிட்டால், பரந்தன் தமிழை எவருக்காகவும் நேராக்காமல் பேசினால், பெயரைக் குறித்து வையுங்கள். 1935இலிருந்து 1940வரை, மகன் துப்பறிவாளர் ஆக ஐந்து வருடம் எடுத்தது. இங்கே மூன்று வருடம் என்று நான் கணிக்கிறேன்.