மறுக்கப்பட்ட மேலட்டை

படக்கதை என்றவுடனே முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. சிறுவர் படித்துக் கிழித்தெறியும் தாளில் திறனாய்வுக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பர். அவர்களோடு வழக்காடுவது நமது நோக்கமன்று. ஆயினும் படக்கதையின் மேலட்டையை வரையும் ஓவியனின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். அவனுக்கு வாய்ப்பது ஒரே தாள், ஒரே காட்சி. தலைப்புக்கு இடம் விடவேண்டும். வேறொருவர் எழுதும் வசனத்துக்கும் இடம் விடவேண்டும். கடையின் அடுக்கில் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும்போது கீழ்ப்பகுதி மறைந்துபோகும் என்பதையும் கணக்கிட வேண்டும். இத்தனைக்கும் இடையே உள்ளிருக்கும் கதைக்கு அவன் உண்மையாகவும் இருத்தல் வேண்டும். இந்தக் கடைசிக் கடமையில்தான் தொல்லை பிறக்கிறது.

1962 ஆகஸ்ட் எனத் தேதியிட்டு, பின்னர் மார்வெல் எனப் பெயர் பெற்ற நியூயார்க் நிறுவனத்தார் வெளியிட்ட 'அமேஸிங் ஃபான்டஸி' 15ஆம் இதழை எடுத்துக்கொள்வோம். விலை 12 சென்ட். அவ்விதழோடு அந்த ஏடு நின்றுபோயிற்று. ஆனால் அதன் 11 பக்கங்களில்தான் ஸ்பைடர்மேன் என்ற பாத்திரம் முதன்முதலாக உலகுக்கு அறிமுகமாயிற்று. கதைக்குச் சொல் தந்தவர் ஆசிரியர் ஸ்டான் லீ. படம் வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ.

இப்பாத்திரம் முதலில் டிட்கோவின் கைக்கு வரவில்லை. ஜாக் கர்பி என்ற பேரோவியரே தொடக்கத்தில் சில பக்கங்கள் வரைந்தார். கர்பி வரைந்தால் எவனும் வீரனாகிவிடுவான். தோள் விரியும், தசை புடைக்கும். கூச்சமும் தனிமையும் கொண்ட பள்ளி மாணவன் ஒருவனுக்கு அந்த உடல் பொருந்தாது என்று கருதி, லீ அப்பணியை டிட்கோவிடம் ஒப்படைத்தார். டிட்கோ மெலிந்த ஓர் இளைஞனை வரைந்தார். அவன் முகம் முழுவதையும் முகமூடியால் மூடினார். இளம்பிள்ளை முகம் மறையவேண்டும் என்பது அவர் கருத்து. சுவரில் ஒட்டி ஏறுபவன் தடித்த காலணி அணியலாகாது என்றும் அவர் எண்ணினார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. முகமே இல்லாத இவனுக்கோ விரலும் பாதமும் முதுகின் வளைவுமே அகத்தைச் சொல்லியாக வேண்டும். அவை சொல்லின.

அடுத்து மேலட்டை. டிட்கோவே அதனையும் வரைந்து கொடுத்தார். லீ அதை ஏற்கவில்லை. மறுபடி வரையும் பொறுப்பு யாரிடம் போயிற்று? மிகை வீரம் காட்டுகிறார் என்று முன்னர் விலக்கப்பட்ட அதே கர்பியிடம்! கர்பி பென்சிலால் வரைந்ததற்கு மைதீட்டும் வேலையோ டிட்கோவுக்கே வந்து சேர்ந்தது. தன் படத்தை ஒதுக்கிவிட்டு வந்த படத்துக்குத் தன் கையாலேயே மெருகூட்ட நேர்ந்த கலைஞனின் மனநிலையை வாசகர்களே உய்த்துணர்க.

மைதீட்டுதல் என்பதை வெறும் நகலெடுப்பு என்று கருதுதல் பிழையாகும். அச்சுத் தகடு எடுக்கும் ஒளிப்படக் கருவிக்கு வேண்டியது மங்கலற்ற கறுப்பு. எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும், நிழல் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பவற்றைத் தூரிகை பிடித்தவரே முடிவு செய்கிறார். அக்காலத்தில் அச்சில் வருவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பெரிய தாளில் வரைந்தனர். எனவே சுருங்கும்போது எந்தக் கோடு பிழைக்கும், எது கரைந்துபோகும் என்பதையும் மைதீட்டுபவர் முன்னறிந்திருத்தல் வேண்டும். வெளிவந்த அட்டையிலுள்ள உடல் கர்பியினுடையது. ஆனால் அவ்வுடலைப் போர்த்த வலைக்கோடுகள் டிட்கோவின் மையில் பிறந்தவை. இதனைக் கர்பியின் அட்டை என்று மட்டும் கூறிவிட்டுப் போவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு இன்று நமக்கு உண்டு. பொருள் ஒன்றே: ஒரு கையால் வலைநூலைப் பற்றி, மறுகையில் ஒருவனை இடுக்கிக்கொண்டு, நகரத்தின் மேலே ஊசலாடுகிறான் ஸ்பைடர்மேன். வேறுபாடு பார்வையின் இடத்தில் இருக்கிறது. டிட்கோ நம்மையும் அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார். கீழே பார்க்கிறோம், தலை சுற்றுகிறது, நூல் அறுந்தால் என்னாகும் என்ற அச்சம் நம்முடையதாகிறது. பாத்திரம் நிற்கும் இடத்தில் வாசகனையும் நிறுத்துவதே தம் எண்ணம் என்று அவரே பிற்காலத்தில் எழுதியுமிருக்கிறார். கர்பியின் படத்திலோ நாம் பார்வையாளர். வீரன் நம் முன்னே பாய்ந்து வருகிறான். உயரம் பின்னணியாக இருக்கிறதே அன்றி அபாயமாக இல்லை.

லீயின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நின்றுபோகும் தறுவாயிலிருந்த ஓர் ஏடு. கையில் சில காசுகளோடு கடை முன் நிற்கும் சிறுவன். அவன் கண் அடுக்கின்மீது ஓடும் கணம் மிகக் குறுகியது. அக்கணத்தில் கர்பியின் உருவம் பாய்ந்து பற்றும். டிட்கோவின் படத்தில் ஆழம் கண்ணைக் கீழே இழுக்கிறது. அதைப் பார்த்து முடிக்கச் சற்று நேரம் வேண்டும். கடை அந்த நேரத்தைத் தருவதில்லை. விற்பனை என்னும் தராசில் லீ செய்தது சரியே என்று ஒப்புக்கொள்கிறோம். இதழ் நன்கு விற்றது; 1963 மார்ச்சில் ஸ்பைடர்மேனுக்கெனத் தனி ஏடே தோன்றிற்று. அதன் முதல் அட்டைக்கும் பென்சில் கர்பியினுடையது, மை டிட்கோவினுடையது.

ஆனால் திறனாய்வாளன் பயன்படுத்த வேண்டிய தராசு அதுவன்று. உள்ளிருக்கும் கதை என்ன? ஆற்றல் பெற்ற இளைஞன் அதைக் காசாக்க முனைகிறான். கண்முன்னே ஓடும் திருடனை, தன் வேலையன்று எனத் தப்பவிடுகிறான். தன்னை வளர்த்த பெரியப்பாவை அதே திருடன் கொன்றுவிடுகிறான். இறுதியில் இரவில் தனியே நடந்து மறைகிறான். இது வெற்றியின் கதையன்று, குற்றவுணர்வின் கதை. அட்டையிலோ, தன்னை எள்ளும் உலகம் விரைவில் தன் வலிமையைக் கண்டு வியக்கும் என்று அவன் முழங்குகிறான். அதிலும் ஒரு வேடிக்கை: இடுக்கில் சிக்கிய கள்வன் காதுபடத் தன் இயற்பெயரையும் சேர்த்தே முழங்குகிறான்! பிறகு அந்த முகமூடி எதற்கு?

டிட்கோவின் அட்டையும் அந்தத் துயரத்தைச் சொல்லிவிடவில்லை என்பதை மறைக்க மாட்டோம். அதிலும் கள்வனைப் பிடித்த வீரனே இருக்கிறான். அது சொல்வது ஒன்றுதான்: இவன் விழக்கூடியவன். கதையின் உயிரும் அதுவே என்பது நமது துணிபு. உள்ளே விழுகிறவனை வெளியே விழாதவனாகக் காட்டியது, வாசகனிடம் ஏட்டார் கூறிய முதல் பொய்.

இத்தோடு டிட்கோ சோர்ந்துவிடவில்லை. 1963இல் மார்வெல் அட்டைகளின் இடப்பக்க மேல்மூலையில், நாயகனின் சிற்றுருவத்தோடு ஒரு சிறு கட்டம் இடம்பெறலாயிற்று. அடுக்கில் எஞ்சியதெல்லாம் மறைந்தாலும் அம்மூலை தெரியும். இந்த யோசனை டிட்கோவினுடையது என்பர். கடையின் கணக்கு அவருக்குத் தெரியாது என்று இனி யார் கூற முடியும்?

1966 பிப்ரவரி எனத் தேதியிட்ட 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழின் அட்டையை நண்பர்கள் தேடிப் பார்க்கவேண்டும். வரைந்தவர் டிட்கோ. அதில் பாய்ச்சல் இல்லை, பிடிபட்ட கள்வன் இல்லை. பேரளவான எந்திரம் ஒன்றின் அடியில் ஸ்பைடர்மேன் நசுங்கிக் கிடக்கிறான். மேலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இம்முறை அந்த அட்டையை யாரும் திருப்பி அனுப்பவில்லை.